நாற்பது பெயர்களில் தொடங்கிய சபை: திருநெல்வேலித் திருச்சபையும் உபதேசியாரும்

பாளையங்கோட்டையில் 1780-ஆம் ஆண்டு ஒரு சபைப் பதிவேட்டில் 40 பேருடைய பெயர்களை எழுதினார்கள். பல சாதியைச் சேர்ந்த, வெவ்வேறு ஊர்களிலிருந்து கோட்டைக்குப் பிழைக்க வந்த மனிதர்கள். திருநெல்வேலியின் புராட்டஸ்டன்ட் திருச்சபை தன் வயதை அந்தப் பட்டியலிலிருந்துதான் எண்ணிக்கொள்கிறது. 1880-ல் நூற்றாண்டு விழா எடுத்தபோது அந்த நாற்பது ஏறக்குறைய லட்சம் ஆகியிருந்தது.

நாற்பது எப்படி லட்சமானது? இந்தக் கேள்விக்கு நம் ஆலயச் சுவர்களில் பளிங்குக் கல்லில் பதில் எழுதியிருக்கும். சுவார்ட்ஸ், ரேனியஸ், ஜான் தாமஸ், கால்டுவெல், சார்ஜென்ட் என்று வரிசையாக மிஷனெரிகளின் பெயர்கள். அவர்கள் செய்தது சின்ன வேலை இல்லை. ஆனால் இந்த வளர்ச்சியின் கதையை நெருங்கிப் பார்த்தால், திருப்பம் வரும் ஒவ்வொரு இடத்திலும் வேறொரு ஆள் நிற்கிறார். அவர் உபதேசியார். சபை பெருகியது அவரால். சபை உடைந்த இரண்டு பெரிய சமயங்களிலும், அவருக்கு என்ன இடம் கொடுப்பது என்பதே சண்டையின் நடுவில் இருந்தது. இந்த ஆய்வு அதைப் பற்றியது.

உபதேசியார் என்றால் யார் என்று வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். காலையும் மாலையும் மணியடித்து ஊரைக் கூட்டி ஜெபம் நடத்துவார். ஞானஸ்நானத்துக்கு வருபவர்களுக்குக் கர்த்தருடைய ஜெபத்தையும் பத்துக் கட்டளைகளையும் விசுவாசப் பிரமாணத்தையும் மனப்பாடமாகும்வரை சொல்லிக்கொடுப்பார். எழுதப் படிக்கத் தெரியாத ஊரில் மனு எழுதுவார், கடிதம் வாசிப்பார். சாவு வீட்டில் முதலில் போய் நிற்பார். வேலிச் சண்டையைத் தீர்ப்பார். பல ஊர்களில் பள்ளிக்கூட வாத்தியாரும் அவரே. ஆனால் ஞானஸ்நானம் கொடுக்கவும் நற்கருணை பரிமாறவும் அவருக்கு அதிகாரம் கிடையாது. அதற்கு அபிஷேகம் பெற்ற ஐயர், அதாவது குரு, வரவேண்டும். ஊரோடு வாழ்கிறவருக்கு அதிகாரம் இல்லை, அதிகாரம் உள்ளவர் ஊரில் இல்லை. திருநெல்வேலிச் சபையின் நூறு வருடச் சிக்கல் பெரும்பாலும் இந்த ஒரு முடிச்சில்தான் இருக்கிறது.

பாப்பாத்தியம்மாள் கோயில்

அந்த முதல் பட்டியலின் தலைமகள் கிளாரிந்தா. தஞ்சாவூரில் வாழ்ந்த மராத்திய பிராமணக் குடும்பத்துப் பெண், இளம் வயதிலேயே கணவனை இழந்தவர். ஆங்கிலப் படை அதிகாரி ஒருவரோடு சேர்ந்து வாழ்ந்தார். அவரிடமிருந்தே கிறிஸ்தவ மதத்தையும் அறிந்துகொண்டார். முதலில் ஞானஸ்நானம் கேட்டபோது, திருமணம் இல்லாத வாழ்க்கை என்று சொல்லி சுவார்ட்ஸ் மறுத்துவிட்டார். அந்த அதிகாரி இறந்தபிறகு, 1778-ல், பாளையங்கோட்டைக்கு வந்தபோது சுவார்ட்ஸ் ஞானஸ்நானம் கொடுத்தார்.

மறுக்கப்பட்ட பெண் கசந்து ஒதுங்கிவிடவில்லை. தன் செலவில் கோட்டைக்குள் ஒரு சிறிய ஆலயம் கட்டினார். 1785-ல் சுவார்ட்ஸ் வந்து அதைப் பிரதிஷ்டை செய்தார். தண்ணீருக்கு ஒரு கிணறும் கிளாரிந்தா வெட்டிவைத்தார். ஊர்க்காரர்கள் அந்தக் கிணற்றைப் பாப்பாத்தியம்மாள் கிணறு என்றும், கோயிலைப் பாப்பாத்தியம்மாள் கோயில் என்றும் சொல்கிறார்கள். ஞானஸ்நானப் பெயர் கிளாரிந்தாவாக இருக்கலாம். ஊர் வைத்த பெயர்தான் நின்றது.

அப்போது பாளையங்கோட்டையில் மிஷனெரி யாரும் தங்கியிருக்கவில்லை. ஒரு பெண்ணும் உபதேசியார்களும் சேர்ந்து சபையைப் பார்த்துக்கொண்டார்கள். தஞ்சாவூர்ச் சபையில் உபதேசியாராக வளர்ந்த சத்தியநாதனை 1790 டிசம்பரில் அங்கே குருவாக அபிஷேகம் செய்து பாளையங்கோட்டைக்கு அனுப்பினார்கள். நம்பகமான உபதேசியாரைக் குருவாக்குவது என்ற வழக்கம் இப்படி ஆரம்பத்திலேயே இருந்தது. இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் பெரிய வழக்காகப் போவது இதுதான்.

முதல் ஊர்

கோட்டைச் சபை சிறியது. நகரத்துச் சபை. வளர்ச்சி வந்தது தெற்கே, பனங்காட்டிலிருந்து. கொண்டுவந்தவர் சாத்தான்குளம் பக்கத்துக் காலங்குடியைச் சேர்ந்த ஓர் இளைஞர். தஞ்சாவூருக்குப் போய்க் கிறிஸ்தவராகி, டேவிட் சுந்தரானந்தம் என்ற பெயரோடு உபதேசியாராகத் திரும்பி வந்தார். சொந்த உறவுமுறைக்குள்ளேயே பேசினார். பனையேறிக் குடும்பங்கள் சில கேட்டன. ஜெப வீடு கட்டினார்கள், அதை இடித்தார்கள், மறுபடி கட்டினார்கள். அடியும் உதையும் தீ வைப்பும் தொடர்ந்தபோது, ஓர் ஆங்கிலேயப் படை அதிகாரி கொடுத்த பணத்தில் கொஞ்சம் நிலம் வாங்கி, 1799-ல் 28 பேரைக் கொண்டு ஒரு ஊரை உண்டாக்கினார். முதல் கிறிஸ்தவ ஊர் என்பதால் முதலூர். இன்று மஸ்கோத் அல்வாவுக்குப் பெயர்போன அதே முதலூர்தான்.

இந்த ஊர் உண்டாக்கும் யோசனை திருநெல்வேலிச் சபையின் போக்கையே மாற்றியது. பனையேறிக்குச் சொந்த நிலம் கிடையாது. குடியிருக்கும் இடமும் ஏறும் மரமும் பண்ணையாருடையவை. மனம் மாறினால் வீட்டைக் காலி செய்யச் சொல்லலாம், மரத்தைப் பிடுங்கிக்கொள்ளலாம். பிரசங்கத்தைக் கேட்டு நம்பியவனுக்கு அடுத்த நாள் காலையில் நிற்க இடம் வேண்டும். அந்தத் தேவையை ஒரு உபதேசியார்தான் முதலில் புரிந்துகொண்டார், ஏனென்றால் அடிபட்டவர்கள் அவருடைய சித்தப்பாவும் மாமாவும்தான். அதற்கப்புறம் நாசரேத், பெத்லகேம், எருசலேம் என்று வேதாகமப் பெயர்களில் ஊர்கள் எழும்பின.

ஐயாயிரம் பேரும் ஆள் இல்லாத பன்னிரண்டு வருடமும்

1802-03-ல் ஒரு பேரலை வந்தது. கெரிக்கே என்ற மிஷனெரி தென்பகுதியில் சுற்றிவந்தார், அவரும் சத்தியநாதனும் சில மாதங்களில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு ஞானஸ்நானம் கொடுத்தார்கள். ஊர் ஊராக வந்து சேர்ந்தார்கள். 1803-லேயே கெரிக்கே இறந்துபோனார்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கவேண்டும். ஐயாயிரம் பேருக்கு ஞானஸ்நானம் கொடுக்கச் சில மாதம் போதும். ஐயாயிரம் பேருக்குப் பாடம் சொல்ல எத்தனை உபதேசியார் வேண்டும்? ஊருக்கு ஒருவர் என்று வைத்தாலே பெரிய கூட்டம் தேவை. அத்தனை பேர் இல்லை. இருந்தவர்களுக்குப் பயிற்சியும் இல்லை, சம்பளமும் ஒழுங்காக வரவில்லை. 1811-ல் கொள்ளைக் காய்ச்சல் வந்து வீடுகள் காலியாயின. பயந்த மக்கள் பழைய தெய்வங்களிடமே திரும்பிப் போனார்கள். நான் அவர்களைக் குறை சொல்லமாட்டேன். பிள்ளை காய்ச்சலில் கிடக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து ஜெபிக்க ஒருவரும் வராத சபையில் யார் நிற்பார்கள்?

1816-ல் ஜேம்ஸ் ஹஃப் என்பவர் படைக் குருவாகப் பாளையங்கோட்டைக்கு வந்தார். கிராமம் கிராமமாகப் போய்ப் பார்த்தபோது சுமார் 3,000 கிறிஸ்தவர்கள் மிஞ்சியிருந்தார்கள். பாதிப்பேர் போய்விட்டார்கள் என்று சிலர் இதை வாசிப்பதுண்டு. எனக்கு இது வேறுமாதிரி தெரிகிறது. பன்னிரண்டு வருடம் வெளியிலிருந்து போதிய கவனிப்பு இல்லாமல் 3,000 பேர் ஓலைக் கூரைக்கு அடியில் ஜெபம் செய்துகொண்டே இருந்திருக்கிறார்கள். மணியடித்தவர்கள் யாரோ இருந்திருக்கிறார்கள். அவர்கள் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை.

ரேனியஸ் கட்டியதும் உடைந்ததும்

ஹஃப் கேட்டுக்கொண்டதால் இங்கிலாந்தின் சி.எம்.எஸ். என்ற மிஷனெரி சங்கம் 1820-ல் ரேனியஸை அனுப்பியது. பிரஷ்யாவில் பிறந்த ஜெர்மானியர், லுத்தரன் குரு, தமிழில் ஊறிப்போனவர். தமிழ் இலக்கணம் எழுதினார். பள்ளிப் பிள்ளைகளுக்காகப் பூமி சாஸ்திரம் எழுதினார். வேதாகமத்தை மறுபடி மொழிபெயர்த்தார். 1826-ல் பாளையங்கோட்டையில் இன்றைய தூய திரித்துவ ஆலயத்தைக் கட்டினார். ஆனால் அவர் செய்த பெரிய வேலை இவற்றில் எதுவும் இல்லை என்பது என் கருத்து. அவர் உபதேசியார்களைக் கூட்டிவைத்துக் கற்பித்தார், அதுதான் பெரிது. வெளியே போனவர்களை மாதந்தோறும் வரவழைத்து, அவர்கள் கண்டதைக் கேட்டு, தவறைத் திருத்தி, அடுத்த மாதப் பாடத்தைக் கொடுத்து அனுப்பினார். 1803-ல் இல்லாமல் போனது எதுவோ, அதை அவர் கண்டுபிடித்துச் சரிசெய்தார்.

நிலத்துக்கும் வழி செய்தார். 1830-ல் தர்ம சங்கம் தொடங்கியது. சபையாரே பணம் போட்டு நிலம் வாங்கி, துரத்தப்பட்ட குடும்பங்களைக் குடியேற்றும் சங்கம். டேவிட் சுந்தரானந்தம் ஒரு தடவை செய்ததை இந்தச் சங்கம் வழக்கமாக்கிவிட்டது. ஜெர்மானியப் பிரபு டோனா கொடுத்த உதவியில் எழுந்த டோனாவூர் இந்தக் காலத்துத்தான். 1835 வாக்கில் ரேனியஸின் கவனிப்பில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இருந்தார்கள்.

அப்புறம் அந்த முடிச்சு இறுகியது. பத்தாயிரம் பேருக்கு நற்கருணை கொடுக்கக் குருமார் போதவில்லை. பத்துப் பதினைந்து வருடம் ஊழியம் செய்து தேறிய உபதேசியார்களை, சத்தியநாதனை அபிஷேகம் செய்தது போலவே, தாங்களே குருவாக்கலாம் என்றார் ரேனியஸ். சங்கமோ ஆங்கிலிக்கன் சங்கம், அதாவது இங்கிலாந்துத் திருச்சபையைச் சேர்ந்தது. அபிஷேகம் செய்யும் அதிகாரம் பேராயருக்கு மட்டுமே, அதுவும் அவர்கள் முறைமைப்படி என்றது. இடையில் ஆங்கிலிக்கன் சபை முறைமைகளை விமர்சித்து ரேனியஸ் ஒரு மதிப்புரை வெளியிட்டார். 1835-ல் அவரை நீக்கிவிட்டார்கள்.

அவர் பாளையங்கோட்டையை விட்டுப் போனார். திரும்பி வரும்படி கேட்டு எழுதியவர்கள் உபதேசியார்கள். வந்தார். சபை இரண்டாகப் பிரிந்தது. ஒரே ஊரில் ரேனியஸ் ஐயர் பக்கம் சிலர், சங்கத்தின் பக்கம் சிலர். ஒரே மாமன் மச்சான் வீடுகள் தனித்தனி மணிக்குக் காது கொடுத்தன. 1838 ஜூன் 5-ஆம் தேதி ரேனியஸ் இறந்தார். பாளையங்கோட்டை அடைக்கலாபுரத்தில் அவர் கல்லறை இருக்கிறது. அவருடைய தோழர்கள் சங்கத்தோடு திரும்பச் சேர்ந்தார்கள், பிளவு மெல்ல ஆறியது.

இதில் இரு தரப்பையும் பார்க்க முயல்கிறேன். பேராயர் இல்லாமல் ஆளுக்கு ஆள் அபிஷேகம் செய்தால் ஒழுங்கு எங்கே நிற்கும் என்பது நியாயமான பயம். ஆனால் அந்தப் பயத்துக்காகக் கிராமத்து மக்கள் மாதக்கணக்கில் நற்கருணை இல்லாமல் இருக்கவேண்டும் என்பது நியாயம் இல்லை. ரேனியஸ் கேட்டது பின்னால் வேறு வழியில் நடக்கத்தானே செய்தது! 1830-லேயே குருவுக்கு முந்திய படியான டீக்கனாகியிருந்த ஜான் தேவசகாயம் 1836-ல் முழுக் குருவானார், கடாட்சபுரத்தில் நெடுங்காலம் ஊழியம் செய்தார். அதற்கப்புறம் உபதேசியார் வரிசையிலிருந்து தமிழ்க் குருமார் ஒவ்வொருவராக வந்தார்கள். இந்த வாசல் இருபது வருடம் முன்னால் திறந்திருந்தால் பிளவே வந்திருக்காது என்று நினைக்கிறேன்.

மெய்ஞ்ஞானபுரமும் இடையன்குடியும்

இந்தப் பகுதியைச் சுருக்கமாகச் சொல்கிறேன், பலரும் அறிந்த கதை. தேரி மணல் பறக்கும் பொட்டலில் ஜான் தாமஸ் கிணறு வெட்டி, மரம் வைத்து, மெய்ஞ்ஞானபுரத்தைச் சோலையாக்கினார். அங்கே தூய பவுலின் ஆலயக் கோபுரம் 192 அடி என்பார்கள். 1841-ல் இடையன்குடிக்கு வந்த கால்டுவெல், தெருக்களை நேராக அளந்து ஊரை அமைத்தார். அவர் மனைவி எலிசா பெண்களுக்குச் லேஸ் பின்னும் தொழில் கற்றுக்கொடுத்தார். இடையன்குடித் திரித்துவ ஆலயத்தைக் கட்டி முடிக்க 33 வருடம் ஆனது. 1880-ல் பிரதிஷ்டை.

சட்டாம்பிள்ளை

இரண்டாவது பிளவைப் பற்றி நம் சபைகளில் குறைவாகவே பேசுகிறோம். பேசவேண்டும்.

1849-ல் கால்டுவெல் நாடார் சமூகத்தைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு சிறு நூல் வெளியிட்டார். இங்கிலாந்தில் காணிக்கை கொடுப்பவர்களுக்கு மக்களின் நிலையைப் புரியவைக்க எழுதியது. ஆனால் அது அந்த மக்களை அறிவிலும் பண்பிலும் தாழ்ந்தவர்களாகக் காட்டியது. அதை வாசிக்கக்கூடிய படிப்பு மிஷன் பள்ளிகளிலேயே கிடைத்திருந்தது. படித்த பிள்ளைகள் வாசித்தார்கள். தங்களுக்கு வேதம் சொல்லிக்கொடுத்தவர் தங்களைப் பற்றி என்ன எழுதியிருக்கிறார் என்று தெரிந்துகொண்டார்கள்.

அருமைநாயகம் என்ற சட்டாம்பிள்ளை நாசரேத் பக்கத்து உபதேசியார், கூர்மையான படிப்பாளி. அங்கிருந்த மிஷனெரியோடு மோதல் வந்து வேலையிலிருந்து நீக்கப்பட்டார். 1857-ல் நாசரேத்துக்குப் பக்கத்துப் பிரகாசபுரத்தில் தனிச் சபை தொடங்கினார். ஏக இரட்சகர் சபை என்று மக்கள் சொன்னார்கள். வெள்ளைக்காரப் பணம் வேண்டாம், வெள்ளைக்கார அதிகாரம் வேண்டாம். ஓய்வுநாள் சனிக்கிழமை, வேதத்தில் சொன்னபடி. தூபம் உண்டு, தரையில் விழுந்து தொழுவது உண்டு. பழைய ஏற்பாட்டுப் பண்டிகைகள் உண்டு. ஏசுவை விடவில்லை, ஏசுவைக் கொண்டுவந்தவரின் கையை மட்டும் விட்டார்கள்.

அவருடைய முடிவுகள் எல்லாவற்றோடும் எனக்கு உடன்பாடு இல்லை. ஆனால் அந்தக் காயம் உண்மையானது. ரேனியஸ் காலத்தில் எழுந்த கேள்வி உபதேசியாருக்கு அதிகாரம் உண்டா என்பது. சட்டாம்பிள்ளை காலத்தில் அது உபதேசியாருக்கு மரியாதை உண்டா என்று மாறிவிட்டது. வெளிநாட்டுப் பணம் ஒரு காசு இல்லாமல் தமிழ்ச் சபை நடக்கும் என்று முதலில் செய்து காட்டியவர், சபையால் தள்ளப்பட்ட இந்த மனிதர்தான்.

பஞ்சத்தில் வந்தவர்கள்

1876-78 தாது வருடப் பஞ்சம் தெற்கைச் சூறையாடியது. கஞ்சித் தொட்டிகளும் நிவாரண வேலைகளும் நடந்தன, பத்தாயிரக்கணக்கில் மக்கள் சபைகளைத் தேடி வந்தார்கள். கஞ்சிக்காக வந்தவர்கள் என்று அன்றைக்கே சொன்னார்கள், இன்றைக்கும் சொல்கிறார்கள். பசியில் இருப்பவன் சோறு கிடைக்கும் இடத்துக்குத்தான் போவான். கேட்கவேண்டியது, சோறு தீர்ந்தபிறகும் ஏன் நின்றான் என்பதை.

1803-ஐயும் 1877-ஐயும் பக்கத்தில் வைத்தால் விடை தெரியும். இரண்டிலும் சில மாதத்தில் பெருங்கூட்டம் சேர்ந்தது. முதல் தடவை வந்தவர்களைத் தாங்கச் சபையில் ஆள் இல்லை, கூட்டம் கரைந்தது. இரண்டாவது தடவை ஊர்தோறும் பள்ளிக்கூடம் இருந்தது, பயிற்சி பெற்ற உபதேசியார் இருந்தார், மேலே தமிழ்க் குருமார் இருந்தார்கள், சபையாரே காணிக்கை சேர்த்துக் குருவுக்குச் சம்பளம் கொடுக்கும் சங்கங்கள் இருந்தன. திரும்பிப் போனவர்கள் உண்டு. ஆனாலும் பெரும்பகுதி நின்றது. 1877 மார்ச்சில் கால்டுவெல்லும் சார்ஜென்டும் கல்கத்தாவில் உதவிப் பேராயர்களாக அபிஷேகம் பெற்றார்கள். அபிஷேகத்துக்கு மதராஸ் பேராயரைப் பார்த்துக் காத்திருக்கும் நிலை அதோடு தளர்ந்தது. 1896-ல் திருநெல்வேலி தனித் திருமண்டலமானது, அதாவது தனக்கென்று ஒரு பேராயர் கிடைத்தார். சாமுவேல் மார்லி முதல் பேராயர்.

காணிக்கை வெளியே போன வருடம்

வெள்ளாளன்விளையில் ஒரு கிராமத்து ஐயர் வீட்டில் 1874-ல் பிறந்தார் அசரியா. 1903-ல் அவரும் நண்பர்களும் சேர்ந்து பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கினார்கள். ஆளும் பணமும் திருநெல்வேலியுடையவை. ஊழியக் களம் தெலுங்கு நாட்டு டோர்னக்கல். நூறு வருடமாக வாங்கிக்கொண்டிருந்த சபை அன்றைக்குக் கொடுக்கத் தொடங்கியது. 1912-ல் அசரியா டோர்னக்கல் பேராயரானார், ஆங்கிலிக்கன் சபையில் முதல் இந்தியப் பேராயர். அங்கே போய் அவர் முதலில் ஊன்றிச் செய்தது என்ன? கிராமத்து உபதேசியார்களுக்குப் பயிற்சி. அவர் எங்கே கற்றார் என்று சொல்லத் தேவையில்லை.

பணம் எங்கிருந்து வந்தது என்பதை எங்கள் பக்கத்து வீடுகளில் இன்றும் பார்க்கலாம். உலையில் அரிசி போடும் முன் ஒரு பிடி எடுத்துத் தனிப் பானையில் போடுவார்கள். வாரக்கடைசியில் அது கோயிலுக்குப் போகும். சபையார் கூடி உண்ணும் அசனப் பண்டிகை நாளில் பெரிய அண்டாக்களில் சோறு வெந்துகொண்டிருக்கும்போது, பக்கத்தில் காணிக்கைப் பொருள் ஏலம் நடக்கும். முதல் குலை வாழை, ஒரு கொட்டான் கருப்பட்டி, ஒரு சேவல், ஒரே ஒரு நாட்டுக்கோழி முட்டை. அந்த முட்டையை ஒருவர் ஏலத்தில் எடுப்பார், திரும்பவும் கோயிலுக்கே கொடுப்பார், மறுபடி ஏலம் போகும். நான்கு கை மாறி அது ஒரு ஆட்டின் விலைக்குப் போனதைச் சிறுவயதில் பார்த்திருக்கிறேன். கூவி ஏலம் விட்டவர் எங்கள் ஊர் உபதேசியார். தோளில் துண்டு, தொண்டை கட்டிப்போன குரல், கையில் அந்த முட்டை.

1947 செப்டம்பர் 27-ல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது திருநெல்வேலி அதில் சேர்ந்தது. 2003-ல் தூத்துக்குடி-நாசரேத் தனித் திருமண்டலமாகப் பிரிந்தது, முதலூரும் நாசரேத்தும் மெய்ஞ்ஞானபுரமும் அந்தப் பக்கம் போயின. உபதேசியார் என்ற சொல் குறைந்து, இப்போது சபை ஊழியர் என்கிறோம். சேகரகுரு ஒருவருக்கு ஏழெட்டு ஊர்கள். அவர் வராத நாட்களில் சிறிய ஊர்களின் ஆலயத்தைத் திறப்பது சபை ஊழியர்தான். பிள்ளைகள் சென்னைக்கும் வளைகுடாவுக்கும் போய்விட்ட ஊரில், ஐந்தாறு பெரியவர்களுக்காக அவர் விடிகாலையில் மணியடிக்கிறார். அவர் சம்பளம் என்ன, ஓய்வுபெற்றால் தங்க வீடு உண்டா, அவர் பிள்ளையைக் கல்லூரியில் சேர்க்கச் சபை கைகொடுக்குமா என்று அடுத்த சபைக் கூட்டத்தில் யாராவது எழுந்து கேளுங்கள்.